ஆமைக்கு நூறு முட்டை, பாறுக்கு ஒன்றே ஒன்று

காட்டுப்பன்றி கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டால் ஊரில் விளக்கம் தயாராக இருக்கும்: "ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டி போடுது, பெருகாம என்ன பண்ணும்?" இன்னொரு நாள் ஏதோ ஓர் உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலி மூன்று குட்டி ஈன்றதாகப் படம் வரும். புலி இனத்துக்கே விடிவு வந்த மாதிரி வாழ்த்துகள் குவியும். காட்டில் விலங்குகள் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தால், "இயற்கை தானாகச் சமன் செய்துகொள்ளும்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றும் இனப்பெருக்கத்தை நம்பிச் சொல்லப்படும் பேச்சு. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. காட்டுயிர்களின் எண்ணிக்கை ஒரு அளவில் நிற்பதற்கு இனப்பெருக்கம் உதவுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. எப்படி உதவுகிறது, எதுவரைக்கும் உதவும் என்பதில்தான் குழப்பம். அதை அடியிலிருந்து பார்க்கலாம். நடுவில் கணக்கு வரும், ஆனால் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலைத் தாண்டாது.

வரத்தும் போக்கும்

ஒரு ஏரியை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் வரத்துக்கால் வழியே தண்ணீர் வருகிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது, வெயிலில் கொஞ்சம் வற்றுகிறது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று வரத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். வரத்து பெரிதாக இருந்தும் மதகு திறந்தே கிடந்தால் ஏரி காயும். வரத்து ஒரு சின்ன வாய்க்கால் அளவே என்றாலும், போக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டம் மெல்ல ஏறும்.

ஏரியில் இன்னொரு அமைப்பும் உண்டு: கலங்கல். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டதும் தானாக வழியத் தொடங்கும். மட்டம் ஏற ஏற வழிவதும் கூடும். யாரும் நின்று திறக்க வேண்டாம், மூட வேண்டாம். கலங்கலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்கு வருவோம். ஓர் இடத்தில் வாழ்ந்து, தங்களுக்குள் இணைசேரும் ஒரே இன விலங்குகளின் கூட்டத்தை உயிர்த்தொகை என்பார்கள். மூணாறு பக்கம் இரவிகுளத்தில் இருக்கும் வரையாடுகள் ஓர் உயிர்த்தொகை. அதற்கு வரத்து இரண்டு: பிறப்பு, வெளியிலிருந்து வந்து சேர்வது. போக்கும் இரண்டு: இறப்பு, வெளியேறிப் போவது. வரத்தும் போக்கும் ஏறத்தாழ ஒத்துப்போனால் அந்தத் தொகை நிலையாக இருக்கிறது என்று அர்த்தம்.

நிலையாக இருக்கிறது என்றால் சாவே இல்லை என்று பொருளில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் குழுவினர் 1991 முதல் 2000 வரை தானியங்கி கேமராக்களை வைத்துப் புலிகளைக் கண்காணித்தார்கள். ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு என்பதால் எது இருக்கிறது, எது காணாமல் போனது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு 23 புலிகள் இறந்தோ வேறு இடம் தேடிப் போயோ பட்டியலிலிருந்து மறைந்தன. அப்படியும் தொகை சரியவில்லை. மானும் காட்டெருதும் நிறைந்த காடு அது. ஒரு புலி போன இடத்துக்கு அங்கேயே வளர்ந்த குட்டியோ பக்கத்துக் காட்டிலிருந்து வந்த இளம்புலியோ வந்துவிட்டது. வெளியே அமைதியாகத் தெரியும் ஒரு எண்ணுக்கு உள்ளே இவ்வளவு வரவும் செலவும் ஓடுகிறது.

இதுவரை பார்த்தது: பிறப்பு என்பது வரத்தின் ஒரு பகுதி. அதை மட்டும் எண்ணி மட்டத்தைச் சொல்ல முடியாது.

நூறு முட்டையின் கணக்கு

சென்னைக் கடற்கரைக்கு ஒவ்வொரு ஆண்டும் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் வருவதும் இதுதான். இரவில் கரையேறும் தாய், பின்துடுப்புகளால் மணலைத் தோண்டி, வாய் குறுகி வயிறு அகன்ற ஒரு குழியை உண்டாக்கும். ஆழம் ஒன்றரை அடி இருக்கும். அதற்குள் நூறு முட்டைகள் வரை இடும், சில சமயம் அதற்கும் மேலே. பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அடைகாப்பது, காவல் இருப்பது எதுவும் கிடையாது. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் தாமே மணலைக் கிளறிக்கொண்டு மேலே வரும்.

வந்த பிறகுதான் வம்பே. நாயும் நரியும் முட்டையிலேயே ஒரு பங்கை எடுத்திருக்கும். கரையில் நண்டும் காக்கையும் காத்திருக்கும். கடலைத் தொட்டவற்றை மீன்கள் பிடிக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் நடந்து காய்ந்து சாகும் குஞ்சுகளும் உண்டு. ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து ஆமையாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

இப்போது கணக்கு. ஒரு தாய் ஆமை தன் ஆயுளில் இருபது தடவை, தடவைக்கு நூறு என முட்டையிடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 முட்டை. ஆமைத்தொகை ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்க, இந்த இரண்டாயிரத்தில் எத்தனை வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும்? இரண்டு. தாய்க்குப் பதில் ஒரு பெண், தந்தைக்குப் பதில் ஒரு ஆண். மீதி 1,998-உம் செத்தாலும் மட்டம் அப்படியே இருக்கும். மூன்று பிழைத்தால் ஒரே தலைமுறையில் தொகை ஒன்றரை மடங்காகிவிடும். ஒன்றே பிழைத்தால் பாதியாகிவிடும்.

இந்த இரண்டு என்ற எண்தான் இங்கே திறவுகோல். எலியோ யானையோ, ஆமையோ, பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறுவோ, நிலையான தொகையில் ஒரு ஜோடி தன் ஆயுள் முழுவதும் பெற்றதில் சராசரியாக இரண்டுதான் அடுத்த தலைமுறையைப் பெறும் அளவுக்குப் பிழைக்கின்றன. எத்தனை பெற்றால் அந்த இரண்டு மிஞ்சும் என்பதில்தான் ஒவ்வொரு இனத்தின் வழியும் வேறு. காவல் இல்லாமல் முட்டையை மணலில் விட்டுப்போகும் ஆமைக்கு ஆயிரக்கணக்கில் தேவை. அப்படியென்றால் அதிகம் முட்டையிடுவது செழிப்பின் அடையாளமே அல்ல, வழியில் எவ்வளவு இழக்கப் போகிறது என்பதற்கான முன்கணக்கு.

இதில் இன்னொரு சிக்கல். நூறு முட்டையிடுகிறதே, எத்தனை இறந்தாலும் சீக்கிரம் ஈடுகட்டிவிடும் என்று ஆமையைப் பற்றி நினைத்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதுதான் பெரிய காரணமாகப் பேசப்பட்டது; ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். செத்தவை முட்டையிட வந்த வளர்ந்த ஆமைகள். ஆயிரத்தில் ஒன்றாகத் தப்பிப் பிழைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்தவை. அப்படி ஒன்றை இழந்தால் ஈடுகட்ட ஆயிரம் குஞ்சும் வேண்டும், அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வேண்டும்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நேரத்தில் கரையோரமாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். நல்ல வேலை, வரத்தைக் கூட்டும் வேலை. ஆனால் மதகு அந்தப் பக்கம் திறந்து கிடந்தால் அவர்கள் எத்தனை இரவு நடந்தும் போதாது.

மீன்களுக்கு இது கொஞ்சம் வேறு மாதிரி. பல மீன் இனங்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும், முட்டைகளும் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில். தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விதிப்பது இதை நம்பித்தான். முட்டையிடும் நேரத்தில் கொஞ்சம் விட்டுப்பிடித்தால் அவை வேகமாக மீளும். ஒரே கடல், இரண்டும் ஏராளமாக முட்டையிடுபவை. ஆனால் மீளும் வேகம் முட்டையின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல, எத்தனை வயதில் இனப்பெருக்கம் தொடங்குகிறது என்பதையும் பொறுத்தது.

ஒன்றே ஒன்று பெறுபவை

யானை 20 முதல் 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு இடைவெளி. அந்தக் கன்றைத் தாய் மட்டுமல்ல, சித்தி, பாட்டி என்று கூட்டமே சூழ்ந்து வளர்க்கும். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் (மயில் அல்ல) ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். நம் ஊர்ப் பாறுகளும் அப்படியே. இவை எல்லாம் குறைவாகப் பெற்று, நன்றாகக் காத்து, நீண்ட நாள் வாழ்பவை.

மெதுவாகப் பெறுவதால் இவை எப்போதுமே அழிவின் விளிம்பில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். விலங்குகளிலேயே மெதுவாகப் பெருகுவது யானை என்று எடுத்துக்கொண்டு, ஒரு ஜோடி 30 வயதில் தொடங்கி 90 வயதுக்குள் ஆறு கன்றுகள் பெறுகிறது, நூறு வயது வரை வாழ்கிறது என்று வைத்தார். 740, 750 ஆண்டுகள் கழித்து அந்த ஒரு ஜோடியின் வழியில் கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் யானைகள் உயிரோடு இருக்கும் என்று விடை வந்தது. நூறு வயது என்பதெல்லாம் யானைக்கு அதிகம்தான், இருக்கட்டும். பூமி யானையால் நிரம்பிவிடவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. எவ்வளவு மெதுவாகப் பெறும் இனமாக இருந்தாலும், பெறுகிற அத்தனையும் பிழைத்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். போகவில்லை என்றால் எங்கோ ஒரு கலங்கல் வேலை செய்கிறது.

கலங்கல் எங்கே இருக்கிறது

ஒரு காடு எத்தனை விலங்குகளுக்குத் தொடர்ந்து தீனியும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தர முடியுமோ, அதுதான் அந்த இனத்துக்கு அந்தக் காட்டின் தாங்குதிறன். மழை பொய்த்தால் இறங்கும், நல்ல ஆண்டில் ஏறும், எப்போதும் ஒரே எண் கிடையாது. கூட்டம் அந்த அளவை நெருங்க நெருங்கப் பிறப்பு குறைவதும் இறப்பு கூடுவதும் அடர்த்திச் சார்பு எனப்படும். நாம் தேடும் கலங்கல் இதுதான்.

ஏரி உவமை இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும். ஏரி நிரம்பிவிட்டது என்பதற்காக மழை நிற்காது, வரத்து வந்துகொண்டேதான் இருக்கும். காட்டில் அப்படியில்லை, மட்டம் ஏறினால் வரத்தே சுருங்குகிறது. இனப்பெருக்கம் தொகையை நிலைப்படுத்துவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அது எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்போம். பெரிய பாலூட்டிகளில் நெருக்கடி முற்றும்போது ஒரு வரிசை தென்படுகிறது. முதலில் அடிபடுவது குட்டிகள். தாய்க்குத் தீனி போதாமல் பால் குறையும், குட்டி இளைத்து, முதல் கோடையையோ முதல் குளிரையோ தாண்டாது. அடுத்து, இளம் பெண் விலங்குகள் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். ஆப்பிரிக்க யானைகளில் தீனி செழித்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் முதல் கன்று பிறக்கும். கூட்டம் நெருங்கித் தீனி தட்டுப்பட்ட இடத்தில் இருபதை ஒட்டிப் போய்விடும். அதற்கடுத்து, ஏற்கெனவே ஈன்ற தாய்களின் ஈத்து இடைவெளி நீளும். வளர்ந்த விலங்குகள் சாகத் தொடங்குவது கடைசியில்தான். அதாவது, நெருக்கடியின் செலவை முதலில் ஏற்பது இன்னும் பிறக்காதவையும் புதிதாகப் பிறந்தவையும். அடுத்த மழைக்குக் காடு தெளிந்தால் மறுபடி ஈனுவதற்கு வளர்ந்த தாய்கள் மிச்சம் இருப்பார்கள்.

பறவைகளிலும் இது உண்டு. நம் ஊர்ச் சாம்பல் பட்டாணிக்குருவிக்கு ஐரோப்பாவில் நெருங்கிய உறவுக்காரக் குருவி ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் மரங்களில் கூடுபெட்டிகள் மாட்டி, 1947 முதல் இன்றுவரை அதன் முட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஜோடிகள் நெருக்கமாகக் குடியேறிய ஆண்டுகளில் கூட்டுக்குக் கூடு முட்டை குறைந்தது. இடம் தாராளமாகக் கிடைத்த ஆண்டுகளில் கூடியது.

பிறப்பின் நேரமும் இதில் ஒரு பங்கு. வரையாடுகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி ஈனும். அதனால்தான் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவைக்கிறார்கள். வெறும் சாவைக் குறைக்கும் ஏற்பாடுதான் அது. வரையாட்டைக் கூடுதலாகக் குட்டி போட வைக்க யாராலும் முடியாது, போட்டதைப் பதறவிடாமல் இருக்கலாம்.

சுருக்கமாக: கூட்டம் கூடினால் ஈத்து குறையும், பிந்தும், குட்டிச் சாவு ஏறும். கூட்டம் குறைந்தால் இவை எல்லாம் தலைகீழாகும். எண்ணிக்கை ஒரு அளவைச் சுற்றியே ஊசலாடுவது இதனால்தான்.

விலங்குகள் திட்டம் போடுவதில்லை

இதைக் கேட்டதும் பலர் அடுத்து ஒரு படி தாவிவிடுவார்கள்: "பாருங்கள், விலங்குகளுக்கு இருக்கும் அறிவு நமக்கு இல்லை, இனத்தின் நன்மைக்காகக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கின்றன." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் இப்படி வாதிட்டார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்தின் வின்-எட்வர்ட்ஸ் 1962-இல் இதை விரிவாக எழுதினார். வைத்தம் காட்டில் அந்தக் குருவிகளை எண்ணத் தொடங்கிய டேவிட் லாக் அதைக் கடுமையாக மறுத்தார்.

லாக் தரப்பின் வாதம் எளிமையானது. குருவி குறைவாக முட்டையிடுவது ஊர் நன்மைக்காக அல்ல. ஊட்ட முடியாத அளவுக்குக் குஞ்சு பொரித்தால் எல்லாமே இளைத்துச் சாகும். ஊட்ட முடிந்த அளவுக்குப் பொரித்தால் அதிகம் பிழைக்கும். தனக்கு அதிகம் பிழைக்கும் வழியைத்தான் ஒவ்வொரு ஜோடியும் பின்பற்றுகிறது. இந்த விவாதத்தில் லாக் பக்கமே பெரும்பாலும் வென்றது.

செந்நாயைப் பாருங்கள். பந்திப்பூர், முதுமலைப் பக்கத்துக் கூட்டங்களில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றவை வேட்டையாடி வந்து வளைக்கு வெளியே இரையைக் கக்கி, குட்டிகளுக்கு ஊட்டும். தியாகம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்தக் குட்டிகள் பெரும்பாலும் தம்பி தங்கைகள்தான், தனியாகப் போனால் இரை பிடிப்பதும் கடினம். ஒவ்வொன்றும் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது, அதன் கூட்டுவிளைவாகப் பிறப்பு கட்டுக்குள் நிற்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? யாரும் திட்டமிட்டு ஓட்டாத வண்டி என்றால், சில சமயம் அது குப்புறக் கவிழவும் செய்யும்.

கவிழ்ந்த ஒரு தீவு

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. மனிதக் குடியிருப்பு இல்லாத, குளிர்ந்த, மரமற்ற இடம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு சிறு படைக்குழு இருந்தது. அவர்களுக்கு அவசரத்துக்கு இறைச்சி கிடைக்கட்டும் என்று 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 ரெயின்டீர்களைக் கொண்டுவந்து விட்டது. குளிர்நாட்டு மான் இனம் அது. போர் முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன.

ஓநாய் இல்லை, வேட்டைக்காரர் இல்லை. தரை முழுக்கப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கற்பாசி மெத்தை. குளிர்காலத்தில் இந்த மான்களுக்கு அதுதான் தீனி. 1957-இல் 1,350 மான்கள் இருந்தன. டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் அப்போது பார்த்தபோது எல்லாம் கொழுத்துத் திரிந்தன. 1963-இல் மறுபடி போனார். 6,000 மான்கள். ஆனால் உடல் எடை இறங்கியிருந்தது, தாய்களுக்கு ஈடான குட்டிகளின் விகிதமும் குறைந்திருந்தது. கலங்கல் வழியத் தொடங்கியிருந்தது, ஆனால் மிகத் தாமதமாக. கற்பாசி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், மான்கள் அதை அடியோடு தின்று தீர்த்திருந்தன. அதே 1963-64 குளிர்காலம் கொடுமையாக அமைந்தது. 1966-இல் கிளைன் மூன்றாம் முறை போனபோது 42 மான்கள் மிச்சம். அதில் ஒன்றே ஒன்று ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980-களில் தீவில் மானே இல்லாமல் போனது.

தாங்குதிறனைத் தாண்டி எகிறியதற்குக் காரணம், எண்ணிக்கை கூடுவதற்கும் அதன் வலி பிறப்பைத் தொடுவதற்கும் இடையே இருந்த இடைவெளி. சேமித்துவைத்த தீனி இருக்கும்வரை தாய்கள் ஈன்றுகொண்டே இருந்தன. ஓநாய் இருந்திருந்தால் கவிழ்ந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போக்குக்கு இன்னொரு மதகு இருந்திருக்கும். ஆக, "இயற்கை தானாகச் சமன் செய்யும்" என்று சொல்பவர்கள் எந்த வேகத்தில், எவ்வளவு இழப்புக்குப் பிறகு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 6,000-த்திலிருந்து 42-க்கு இறங்கியதும் ஒருவகைச் சமன்தானே.

பன்றியைச் சுட்டால் குறையுமா

இப்போது கடலைக் கொல்லைக்குத் திரும்பலாம். ஈத்துக்கு ஆறேழு குட்டி என்பது காட்டுப்பன்றிக்குப் புதிதல்ல, காலங்காலமாக அப்படித்தான். மாறியிருப்பது வேறு. கடலை, மக்காச்சோளம், மரவள்ளி என்று ஆண்டு முழுக்கக் காட்டோரத்தில் கொழுத்த தீனி கிடைக்கிறது, தாங்குதிறன் ஏறிவிட்டது. சிறுத்தையும் செந்நாயும் இல்லாத பகுதிகளில் போக்கும் குறைந்துவிட்டது. வரத்தின் அளவு மாறாமலேயே மட்டம் ஏற இது போதும். மயிலைப் பற்றிப் பேசும்போதும் எத்தனை முட்டை இடுகிறது என்று கேட்பதைவிட, முன்பு அந்த முட்டையையும் குஞ்சையும் தின்றது எது, இப்போது அது எங்கே என்று கேட்பது பயன் தரும்.

சரி, சுட்டுக் குறைத்தால்? இங்கே கலங்கல் எதிர்த்திசையில் வேலை செய்யும். கொஞ்சம் பன்றி போனால் மீதிக்குத் தீனி தாராளம். கொழுத்த தாய் அதிகம் ஈனும், அதன் குட்டி சீக்கிரம் பருவத்துக்கு வரும். இழப்பைப் பிறப்பு இப்படி ஈடுகட்டுவதை ஈட்டு இனப்பெருக்கம் எனலாம். ஐரோப்பாவில் கடுமையாக வேட்டையாடப்படும் காடுகளில் பெண் பன்றிகள் ஒரு வயது நிரம்பும் முன்பே கருத்தரிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பயிரைக் காப்பாற்றத் துப்பாக்கி ஒருபோதும் உதவாது என்று நான் சொல்லவில்லை. இழப்பவருக்கு அந்தப் பேச்சு எரிச்சலைத்தான் தரும். தீனி வரும் வழியை வேலி போட்டு அடைக்காமல் சுட்டுக்கொண்டே மட்டும் இருந்தால், அடுத்த ஈத்தில் இடம் நிரம்பிவிடும் என்பதுதான் விஷயம்.

ஈடுகட்ட முடியாத இழப்பு

பன்றிக்கு இருக்கும் இந்த வசதி பாறுக்கு இல்லை.

நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டுகின்றன. மழைக்காலம் ஓயும் சமயம் ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒன்றரை மாதத்துக்கும் மேலாக அடைகாக்கும். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க இன்னும் மூன்று நான்கு மாதம். அந்தக் குஞ்சு தானும் முட்டையிடச் சுமார் ஐந்து ஆண்டு ஆகும்.

நூறு வளர்ந்த பாறுகள், அதாவது ஐம்பது ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது முட்டையில் முப்பது குஞ்சு பறக்கிறது, அதில் ஆறேழு ஐந்து வயதை எட்டுகிறது என்றால், ஆண்டுக்கு ஆறேழு வளர்ந்த பறவைகள் இறந்தாலும் தொகை நிலைக்கும். ஆண்டுக்கு முப்பது இறந்தால்? தீனி மலைபோலக் குவிந்திருந்தாலும் ஒரு ஜோடி ஒரு முட்டைக்கு மேல் இடப்போவதில்லை. ஐம்பதும் தப்பாமல் பொரித்தால்கூட அவை வந்து இடம் நிரப்ப ஐந்து ஆண்டு. அதற்குள் இன்னும் நான்கு முறை முப்பது முப்பதாகப் போயிருக்கும், அத்தனைக்கு நூறில் ஏது?

இந்தியாவில் நடந்தது இதுதான். மாடுகளுக்கு வலிமருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99.9 என்ற அளவில் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-இல் உறுதியானது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு: இவ்வளவு பெரிய சரிவுக்கு எத்தனை சடலங்களில் விஷ அளவு மருந்து இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது, 130-க்கு ஒன்று முதல் 760-க்கு ஒன்று வரை இருந்தாலே போதும் என்று விடை வந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மெதுவாகப் பெறும் இனத்தில் வளர்ந்த பறவையின் சாவு கொஞ்சம் கூடினாலே மட்டம் சரிந்துவிடும்.

சரிந்து ஓர் அளவுக்குக் கீழே போனால் நிலைமை மாறும். கூட்டம் குறைந்தால் பிறப்பு ஏறும் என்று முன்னால் சொன்னேன். மிகவும் குறைந்துவிட்டால் அது நடக்காது. இணை கிடைக்காது, கூட்டமாக இரை தேடும் பழக்கம் குலையும், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும். ஆலீ விளைவு என்று இதற்குப் பெயர். 1930-களில் இதைப் பற்றி எழுதிய அமெரிக்கச் சூழலியலாளர் ஆலீயின் பெயர்தான். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணப்புறா ஒரு கூட்டுக்கு ஒரு முட்டை இட்டு, பெருங்கூட்டமாக மட்டுமே கூடுகட்டி வாழ்ந்தது. சுட்டும் காட்டை வெட்டியும் கூட்டங்களைக் கலைத்த பிறகு, மிச்சம் இருந்தவை மீளவே இல்லை. கடைசிப் புறா 1914-இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது.

பாறுகளுக்காக ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு வளர்ப்பு மையம் நடக்கிறது. அங்கே குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகே, 2020-இல் வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். தாமதத்துக்குப் பெரிய காரணம் பறவை இல்லாதது அல்ல, வெளியே கிடக்கும் மாட்டுச் சடலத்தை நம்ப முடியாதது. மாடுகளுக்கான டைக்ளோஃபெனாக் 2006-இல் தடைசெய்யப்பட்டும், மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் ஊசிக் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதே தீங்கைச் செய்யும் கீட்டோப்ரோஃபென், ஏசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைகளுக்குக் கொடுக்க 2023-இல் தடை வந்தது. பாறுகளுக்குத் தீங்கில்லாத மருந்தாக மெலாக்சிகம் இருக்கிறது. நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் வலிக்கு ஊசி போடும்போது கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.